தராசு காட்டாத கொழுப்பு

கருவிலிருக்கும்போதோ, பிறக்கும் நேரத்திலோ, பிறந்த முதல் சில ஆண்டுகளுக்குள்ளோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு ஏற்படும் சேதத்தால் உடலின் அசைவும் நிலைப்பாடும் வாழ்நாள் முழுவதும் பாதிக்கப்பட்டிருக்கும் நிலையே மூளை முடக்குவாதம் எனப்படுகிறது. மூளையில் நேர்ந்த அந்தச் சேதம் வயது ஏற ஏறப் பெருகுவதில்லை. ஆகவே மருத்துவ நூல்கள் இதனை வளராத பாதிப்பு என்றே வகைப்படுத்தி வந்துள்ளன. இலண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861ஆம் ஆண்டில் அந்நகரின் மகப்பேற்று மருத்துவர் சங்கத்தின் முன் இந்நிலையை விரிவாக எடுத்துரைத்த காலந்தொட்டு, ஆய்வும் சிகிச்சையும் குழந்தையையே சுற்றிவந்தன: குழந்தை எப்போது உட்காரும், எப்போது நடக்கும், இறுகிய குதிகால் தசைநாரை எந்த வயதில் அறுத்து நீட்டலாம் என்பவையே கேள்விகளாக இருந்தன. அக்குழந்தை நாற்பது வயதை எட்டும்போது அதன் இதயமும் இரத்தக் குழாய்களும் எந்நிலையில் இருக்கும் என்ற கேள்வி எழ நூறாண்டுக்கும் மேலாயிற்று. மூளையின் சேதம் வளராமல் நிற்கலாம். ஆனால் அந்த மூளையின் ஆணைக்குக் காத்திருக்கும் தசையும் எலும்பும் கொழுப்பும் நிற்பதில்லை, அவை எல்லா உடல்களையும்போல மூப்படைகின்றன, பல வேளைகளில் முந்தியே மூப்படைகின்றன.

இந்தக் கேள்வி இன்று தவிர்க்க முடியாததாகிவிட்டதற்குக் காரணம், மூளை முடக்குவாதத்துடன் பிறப்போரில் மிகப் பெரும்பாலோர் இப்போது முதிர்வயது வரை வாழ்கிறார்கள் என்பதே. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் பீட்டர்சனும் அவருடைய குழுவினரும், அந்நாட்டில் 2002 முதல் 2010 வரை நடத்தப்பட்ட ஒரு தேசிய மருத்துவக் கணக்கெடுப்பை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவுகள் மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்தன. மூளை முடக்குவாதம் உள்ள வயதுவந்தோரில் 30.0 விழுக்காட்டினருக்கு மிகை இரத்த அழுத்தம் இருந்தது. அது இல்லாதோரில் அந்த விகிதம் 22.1. நீரிழிவு 9.2 விழுக்காடாகவும், பிறரிடம் 6.3 ஆகவும் இருந்தது. மூளை இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வரும் பக்கவாதம் 4.6 விழுக்காடாகவும், பிறரிடம் 2.3 ஆகவும் இருந்தது. கணக்கெடுப்பில் மக்கள் தாமே சொன்ன விடைகளைக் கொண்டு பெறப்பட்ட எண்கள் இவை என்பதால், காரணம் எது, விளைவு எது என்பதை இவற்றைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. எனினும், நரம்பியல் மருத்துவரிடமும் எலும்பு மருத்துவரிடமும் மட்டுமே அனுப்பப்பட்டுவந்த ஒரு கூட்டத்தாரின் இரத்தக் குழாய்கள் யாரும் பாராமலே நோயுற்று வந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதய நோய்க்கும் உடற்கொழுப்புக்கும் உள்ள தொடர்பு பொதுவாக எல்லாரும் அறிந்ததே. ஆயினும் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதே முதன்மையானது. பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ஜான் வாக் 1947இலேயே, தொடையிலும் புட்டத்திலும் சேரும் கொழுப்பைவிட உடலின் மேற்பகுதியிலும் வயிற்றிலும் சேரும் கொழுப்பே நீரிழிவோடும் இரத்தக் குழாய் நோயோடும் நெருங்கிய உறவுடையது என்று சுட்டிக்காட்டினார். தோலுக்கு அடியில் இருப்பது தோலடிக் கொழுப்பு; இதை விரல்களால் கிள்ளிப் பிடிக்கலாம். வயிற்றறைக்குள் குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து இருப்பது உள்ளுறுப்புக் கொழுப்பு; இது கைக்கு அகப்படாது, கண்ணுக்கும் தெரியாது. குடலை ஒட்டிய கொழுப்பிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள், குடலின் இரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலைச் சென்றடைகின்றன. அளவுக்கு மீறி வந்து சேரும் அந்த அமிலங்களைக் கல்லீரல் ட்ரைகிளிசரைடு எனப்படும் கொழுப்பாக மாற்றி மீண்டும் இரத்தத்தில் விடுகிறது. அதே வேளையில் இன்சுலினின் சொல்லுக்குக் கட்டுப்படாமல் சர்க்கரையையும் வெளிவிடத் தொடங்குகிறது. கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்காக இருந்துவிடுவதும் இல்லை. பருத்து வீங்கிய கொழுப்புச் செல்களைச் சுற்றி நோயெதிர்ப்புச் செல்கள் குவிந்து, அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. இவை ஓயாமல் இரத்தத்தில் கலந்துவரும்போது தமனிகளின் உட்சுவர் மெல்லப் புண்படுகிறது, அங்கே கொலஸ்ட்ரால் படிகிறது, ஆண்டுகள் பல கழித்து அந்தப் படிவு வெடித்து மாரடைப்பாக வெளிப்படுகிறது.

இங்குதான் மூளை முடக்குவாதம் உள்ள உடலை அளப்பதில் ஒரு பெருஞ்சிக்கல் எழுகிறது. ஒருவர் பருமனானவரா என்று அறிய மருத்துவமனைகளில் வழக்கமாகக் கணக்கிடப்படுவது உடல் நிறை குறியெண்; அதாவது, கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். இதன் தோற்றுவாய், பெல்ஜியக் கணிதவியலாளர் அடோல்ஃப் கெத்தலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சராசரி மனிதனை வரையறுக்கக் கண்ட ஒரு விகிதம். தனியொருவரின் கொழுப்பை அளக்க அவர் இதனை உருவாக்கவில்லை. தராசில் ஏறும் எடையில் எவ்வளவு தசை, எவ்வளவு எலும்பு, எவ்வளவு கொழுப்பு என்று இந்த எண் பிரித்துக் காட்டாது. இந்தியர்களுக்கு இக்குறையை எடுத்துக்காட்ட ஒரு படமே போதும். 2004இல் இலண்டனின் லான்செட் இதழில் இரு ஆய்வாளர்கள் அருகருகே நிற்கும் படம் ஒன்று வெளிவந்தது. ஒருவர் புணேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் பிரித்தானியரான ஜான் யுட்கின். இருவரின் உடல் நிறை குறியெண்ணும் 22.3தான், ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்த உடலமைப்பு தெற்காசியர்களிடையே பரவலாக உள்ளது. அதனால்தான் உலகெங்கும் 25 என வைக்கப்பட்டுள்ள மிகை எடையின் எல்லை இந்தியர்களுக்கு 23 எனக் குறைக்கப்பட்டுள்ளது. மூளை முடக்குவாதத்தில் தசைக் குறைவு இதனினும் மிகுதி. ஆகவே அதே இயல்பு இன்னும் கூர்மையாக வெளிப்படுகிறது. இந்தியராகவும் இருந்து இந்நிலையும் உடையவராக இருப்பவரைப் பொறுத்தவரை, தராசின் சொல்லை நம்புவதற்கு இரு மடங்கு தயக்கம் காட்டுவதே முறை.

எடைதான் இவ்வாறு ஏமாற்றுகிறது என்றால், உயரம் வேறொரு வழியில் ஏமாற்றுகிறது. முழங்காலை நீட்ட முடியாதபடி தசைநார்கள் குறுகிப்போனவரையோ முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தவரையோ சுவரோரம் நிறுத்தி உயரம் பார்க்க இயலாது. படுக்கவைத்து நாடாவைப் பிடித்தாலும் உண்மையான நீளம் கிடைக்காது. 48 கிலோ எடையுள்ள ஒருவரின் மெய்யான நீளம் 160 சென்டிமீட்டர் என்றால் அவருடைய குறியெண் 18.75, வளைந்த நிலையில் அவரை 150 சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டால் அது 21.3 ஆக ஏறிவிடும். ஒரே உடல், ஒரே நாள், ஆனால் மருத்துவக் குறிப்பேட்டில் இரண்டு வேறு மனிதர்கள். தவறான உயரம் குறியெண்ணைக் கூட்டிக் காட்ட, குறைந்த தசை அதே எண்ணுக்குள் கொழுப்பை மறைத்துவைக்க, எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இவ்விரு பிழைகளின் நடுவே உண்மை எங்கே இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. குழந்தைகளைப் பொறுத்தவரை இதற்கு ஒரு மாற்று வழியை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ரிச்சர்ட் ஸ்டீவன்சன் 1995இல் வகுத்துத் தந்தார்: முழங்காலையும் கணுக்காலையும் செங்கோணமாக மடித்து, குதிகாலிலிருந்து முழங்காலின் மேல்விளிம்பு வரையுள்ள தொலைவை அளந்து, அதனை 2.69ஆல் பெருக்கி 24.2ஐக் கூட்டினால் உயரம் ஓரளவுக்குத் துல்லியமாகக் கிடைக்கும். முழங்கால் உயரம் 35 சென்டிமீட்டர் உள்ள குழந்தையின் உயரம் இம்முறையில் ஏறத்தாழ 118 சென்டிமீட்டர்.

வயதுவந்தோருக்கு இதைவிட எளிய வழி அளவுநாடாவில் இருக்கிறது. பீட்டர்சனும் உடனாய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் இரத்தத்திலுள்ள கொழுப்பு வகைகளோடு உடல் நிறை குறியெண்ணுக்குத் தொடர்பு காணப்படவில்லை. வயிற்றுச் சுற்றளவை இடுப்புச் சுற்றளவால் வகுத்துப் பெறும் விகிதமே தொடர்புடையதாக இருந்தது. பொதுமக்களிடம் நடந்த பேராய்வுகளும் இதையே சொல்லியிருந்தன: 52 நாடுகளில் ஏறத்தாழ 27,000 பேரை ஆராய்ந்து 2005இல் வெளியான, கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் தலைமையிலான இன்டர்ஹார்ட் ஆய்வில், மாரடைப்போடு உடல் நிறை குறியெண்ணைக் காட்டிலும் வயிற்று-இடுப்பு விகிதமே மிக நெருங்கிய உறவு காட்டியது.

நாடாவுக்கும் இதயத்துக்கும் உள்ள இந்த உறவு வெளிப்பட்ட ஒரு வரலாற்றைச் சற்று நின்று பார்ப்பது தகும். 1953இல் பிரித்தானிய மருத்துவ ஆய்வாளர் ஜெரமி மோரிஸ், இலண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளில் பணியாற்றியவர்களை ஒப்பிட்டு, நாள் முழுதும் அமர்ந்தே வண்டியோட்டும் ஓட்டுநர்களைவிட, நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகள் ஏறியிறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாகவும் காலந்தாழ்ந்தும் வருகிறது என்று காட்டினார். அதன்பின், நிறுவனம் தைத்துக்கொடுத்த சீருடைகளின் அளவேடுகளைத் தேடியெடுத்து, ஓட்டுநர்களின் காற்சட்டை இடுப்பு அளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரிது என்பதையும் 1956இல் வெளியிட்டார். ஓட்டுநர் நோயுற்றது வயிறு பெருத்ததால் மட்டுந்தானா என்ற ஐயத்துக்கும் அவ்வேடுகளே விடை தந்தன. பருத்த நடத்துநர்களும், தம்மை ஒத்த உடல்வாகுள்ள ஓட்டுநர்களைவிட நன்றாகவே இருந்தார்கள். உட்கார்ந்திருப்பது கொழுப்பின் வழியாக மட்டுமன்றித் தனியாகவும் இதயத்தைத் தாக்குகிறது என்பதே இதன் பொருள். ஓட்டுநர் பணி முடிந்தால் இருக்கையைவிட்டு எழுந்துவிடுவார். சக்கர நாற்காலியில் வாழ்பவருக்கு அந்த எழுச்சியும் இல்லை என்பதை எண்ணும்போது, மோரிசின் ஆய்வு இவர்களுக்காகவே எழுதப்பட்டதுபோலத் தோன்றுகிறது.

மூளை முடக்குவாதத்தில் கொழுப்பு ஒளிந்துகொள்ளும் இடம் வயிறு மட்டுமன்று. உணவை எரிக்கும் பேரடுப்பு தசையே. உணவுக்குப்பின் இன்சுலினின் தூண்டலால் இரத்தத்திலிருந்து அகற்றப்படும் சர்க்கரையின் பெரும்பங்கைத் தசைதான் உள்வாங்குகிறது. மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் கால் தசைகளைக் காந்த ஒத்ததிர்வுப் (எம்.ஆர்.ஐ.) படக்கருவியால் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், தசை மெலிந்திருப்பதையும், தசையிழைக் கட்டுகளுக்கு இடையிலேயே கொழுப்பு ஊடுருவியிருப்பதையும் குழந்தைப் பருவத்திலேயே கண்டார்கள். கறிக்கடையில் தொங்கும் கொழுத்த இறைச்சித் துண்டை வெட்டினால் சிவப்புச் சதையின் நடுவே வெள்ளைக் கோடுகள் ஓடுவதைப் பார்க்கலாம். ஏறத்தாழ அத்தகைய காட்சிதான் அந்தப் படங்களில் தெரிகிறது. இறுக்கத்தைத் தளர்த்தும் அறுவைச் சிகிச்சையின்போது எடுக்கப்பட்ட தசைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், தசையைப் பழுதுபார்த்து வளரச்செய்யும் துணைச்செல்கள் மிகவும் குறைந்திருப்பதையும் கண்டார்கள். இறுகி விறைத்திருக்கும் கை கால் வலுவுடையது என்ற பொதுவான எண்ணம் தவறு. அந்த இறுக்கத்துக்குள் இருப்பது மெலிந்த, வலுக்குறைந்த, எளிதில் களைக்கும் தசை. அடுப்பு சிறுத்துவிட்டால் விறகு மிஞ்சுவதைப்போல, தசை சிறுத்த உடலில் ஓரளவான உணவும் மிஞ்சிக் கொழுப்பாகிறது.

இதோடு நடையும் கைவிட்டுப் போகிறது. இந்நிலை உள்ள பலருக்கு, ஒரே தொலைவை நடக்கப் பிறரைவிட மிகுதியான ஆற்றல் செலவாகிறது. பள்ளி நாட்களில் ஊன்றுகோலுடனோ அதுவும் இல்லாமலோ நடந்தவர், முப்பதுகளில் மூட்டுவலியும் களைப்பும் மிகுந்து நடையைக் குறைத்து, பிறகு சக்கர நாற்காலிக்கு மாறிவிடுவது பரவலாகக் காணப்படுகிறது. மருத்துவர்கள் இவர்களின் அசைவுத்திறனை ஐந்து நிலைகளாகப் பகுப்பார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1997இல் வெளியான இந்த வகைப்பாட்டில், முதல் நிலையினர் தடையின்றி நடப்பவர், ஐந்தாம் நிலையினர் தலையை நிமிர்த்தி வைக்கவும் துணை வேண்டுபவர். ஐந்தாம் நிலைக் குழந்தைக்கு விழுங்குவதே சிரமம் என்பதால் எடை ஏறாதது ஒன்றே பெற்றோரின் கவலை. ஒரு வேளைச் சோற்றை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் போராடும் தாயிடம் கொழுப்பைப் பற்றிப் பேசுவது இரக்கமற்ற செயலாகக்கூடத் தோன்றலாம். ஆனால் வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக உணவு தரத் தொடங்கியபின், அசையாத உடலின் தேவை மிகச் சிறிது என்பதால், ஏறும் எடையில் பெரும்பகுதி கொழுப்பாகவே அமைந்துவிடக்கூடும். எடை ஏறியது என்ற மகிழ்ச்சியோடு, ஏறியது எது என்ற கேள்வியும் அங்கே எழவேண்டும்.

வேறு சில காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. இவர்களில் கணிசமானோர் குறைமாதத்தில் பிறந்தவர்கள். குறைமாதப் பிறப்பே பிற்கால இரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்துகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வலிப்பும் இருப்பதால் வால்ப்ரோயேட் போன்ற மருந்து தேவைப்படுகிறது. அது பசியையும் எடையையும் கூட்டவல்லது. நாட்பட்ட வலி தூக்கத்தைக் கெடுக்கிறது.

கொழுப்பைத் துல்லியமாக அளக்க டெக்ஸா எனப்படும் இரட்டை ஆற்றல் எக்ஸ் கதிர்ப் படக்கருவி உண்டு. அது எலும்பு, தசை, கொழுப்பு மூன்றையும் பிரித்துக் காட்டும். எல்லாருக்கும் எல்லா ஊரிலும் அது கிட்டாது. நாடாவோ எங்கும் கிட்டும். கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் தறுவாயில் அளவைப் பார்க்க வேண்டும். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லைகள். முதுகு வளைந்து விலா இடுப்பெலும்பை முட்டும் நிலையில் இருப்பவரிடம் அந்த நடுவிடமே கிடைக்காது. அத்தகையோரை ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில், படுத்தவாறோ அமர்ந்தவாறோ, தொப்புளின் மட்டத்தில் அளந்து, நிலையையும் இடத்தையும் குறித்துவைத்தால் அளவு ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்பதாவது தெரிந்துவிடும். எடைக்கு, நாற்காலியோடு தராசில் ஏற்றிப் பின் நாற்காலியின் எடையைக் கழிக்கலாம். இரத்த அழுத்தத்தை இறுக்கம் குறைந்த கையில், அந்தக் கையின் பருமனுக்கு ஏற்ற அளவுள்ள பட்டையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். மெலிந்த கையில் பெரிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் குறைவாகத் தெரியும், நோய் தப்பிவிடும்.

அளந்தபின் செய்வதென்ன என்ற இடத்தில் ஒரு பழைய அச்சம் குறுக்கே நிற்கிறது. இலண்டனில் பணியாற்றிய போபாத் தம்பதியினரின் சிகிச்சை முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் கோலோச்சியபோது, வலுவேற்றும் பயிற்சி தசை இறுக்கத்தைக் கூட்டிவிடும் என்று இயன்முறை மருத்துவர்கள் பரவலாக நம்பினார்கள். அதனால் பல தலைமுறைக் குழந்தைகளுக்கு வலுப்பயிற்சி மறுக்கப்பட்டது. 1990களில் அமெரிக்க ஆய்வாளர் டயேன் டாமியானோவும் பிறரும் செய்த சோதனைகள் இந்நம்பிக்கையைத் தகர்த்தன: பயிற்சியால் வலு கூடியது, இறுக்கம் கூடவில்லை. நல்லெண்ணத்தோடு விதிக்கப்பட்ட ஒரு தடை இத்தனை உடல்களை மெலியவிட்டது என்பது வருந்தத்தக்கது. இன்று, 2016இல் ஓலாஃப் பெர்சுரனும் பீட்டர்சனும் பிறரும் வகுத்த பரிந்துரைப்படி, இதயத்துக்கான பயிற்சியை வாரத்தில் ஒன்றிரண்டு நாளில் தொடங்கி மூன்று நாளாக உயர்த்துவதும், வலுப்பயிற்சியை அடுத்தடுத்த நாட்களில் அல்லாமல் இடைவெளிவிட்டு வாரம் 2 முதல் 4 முறை செய்வதும், இடைவிடாது உட்கார்ந்திருக்கும் நேரத்தை உடைப்பதும் வேண்டற்பாலன. உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டியும் மாற்றுத்திறனாளிகளுக்கென முதன்முறையாகத் தனிப் பரிந்துரைகளைச் சேர்த்தது. கால் அசையாதவர் கைகளால் மிதிக்கட்டையைச் சுழற்றலாம், நீரில் மிதந்தவாறு இயங்கலாம், நாற்காலியைத் தாமே தள்ளிச் செல்லலாம். மூச்சு சற்று வாங்கினால் இதயம் வேலை செய்கிறது என்று கொள்ளலாம்.

குழந்தை மருத்துவப் பிரிவில் பதினெட்டு வயது வரை ஒரே கோப்பில் கவனிக்கப்பட்டவர், அந்த வயது தாண்டியதும் எந்தப் பிரிவுக்கும் உரியவரல்லாமல் போவது பல நாடுகளிலும் காணப்படும் குறை. பிரித்தானியாவில் 2019 ஜனவரியில் வெளியான தேசிய வழிகாட்டி, மூளை முடக்குவாதம் உள்ள வயதுவந்தோரில் சிக்கலான தேவைகள் உடையோருக்கு ஆண்டுதோறும் மருத்துவ மீளாய்வு அளிக்கப்பட வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுகலும், சிகிச்சையில் முன்னுரிமையும் வேண்டும் என்று வரையறுத்துள்ளது. சக்கர நாற்காலி ஏறும் தராசு ஒன்று அங்கே இல்லையென்றால் அந்த அணுகல் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. மூளை முடக்குவாதம் உள்ள ஒருவரை அடுத்த முறை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோரும் உடன்பிறந்தாரும், தனியே செல்லும் ஆற்றலுடைய அவரும், கால் இறுக்கத்தைக் காட்டி முடித்தபின் வயிற்றுச் சுற்றளவு, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, இரத்தக் கொழுப்பு ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்லி, தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.